மூன்றாவது பிஸ்டன்

மூன்றாவது பிஸ்டனில் ஒரு பக்கம் லாக் இல்லை. நண்பன் நிஜாம் போடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை, காலையில் என் மனைவி பரிமளம் குளிக்கவைத்துச் சட்டை மாட்டி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தச் சக்கர நாற்காலியைப் பட்டறைப் பெஞ்சுக்கு எதிரே நிறுத்திப் பிரேக்கை அழுத்திவிட்டுப் போனதிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பிஸ்டனையும் ராடையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பின், அந்தப் பின் பக்கவாட்டில் நழுவி வெளியே வராமலிருக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பி வளையம், அதுதான் லாக். விரல் நகத்தளவு கம்பி. நிஜாம் பின்னைச் செருகினான், இந்தப் பக்கத்து லாக்கைப் பள்ளத்தில் அழுத்தினான், டிக் என்று அது உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது, அப்போது அவன் போன் அடித்தது. மிருதுளாதான். என் மகள். "வாம்மா, வா, நீ வர்றதுக்குள்ள நாலு பிஸ்டனையும் இறக்கி வச்சிருப்பேன்," என்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினான், ஏர் கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது, எதுவும் கேட்கவில்லை, அவன் திரும்பிப் பிஸ்டனைப் பெஞ்சில் வைத்தபோது பார்த்தேன், இடது பக்கம் லாக் மினுங்கியது, வலது பக்கத்துப் பள்ளம் வெறுமையாக இருந்தது. சத்தியமாக வெறுமையாக இருந்தது. அவன் எண்ணெய் தடவினான், ரிங்குகளைப் பட்டையால் இறுக்கினான், சுத்தியல் கைப்பிடியால் மெல்ல மெல்லத் தட்டி உள்ளே இறக்கினான், பிஸ்டன் அலுமினிய இஞ்சின் பிளாக்குக்குள் போய்விட்டது, இனி அதை யாரும் பார்க்க முடியாது, பார்த்தவன் நான் ஒருவன்தான்.

தப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டு எழுத்தும் ஒரு ஒற்றும். த, ப், பு. நாக்கை மேல் பல்லின் பின்னால் வைக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வரும் பெண் கண்ணாடியைக் காட்டி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள், நாக்கு எங்கே இருக்கிறதென்று தேடினேன், வாயில் அது வேறு யாருடைய நாக்கோ போலக் கிடந்தது, உந்தினேன், வயிற்றிலிருந்து உந்தினேன், "சரி" என்று வந்தது. நிஜாம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "சரியா இருக்குதா? நீ சரின்னு சொல்லிட்டா அப்புறம் எனக்கென்னடா." இல்லை, இல்லை. "சரி, சரி." அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, துடைத்துக்கொண்டு நாலாவது பிஸ்டனை எடுத்தான். எனக்கு மிச்சமிருக்கும் சொல் அது ஒன்றுதான். பசிக்கும் அதுதான், மூத்திரம் வந்தாலும் அதுதான், செத்துப்போகலாம் போலிருந்தாலும் அதுதான். பக்கவாதம் வந்து விழுந்த அன்று போனில் யாரிடமோ சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம், அப்படியே சாய்ந்தேனாம், அந்தச் சொல் மட்டும் வாயில் மாட்டிக்கொண்டது. உலகத்தில் எத்தனை சொல் இருக்கிறது, போயும் போயும் இது. கழுதை என்று மாட்டியிருக்கலாம். ஐயோ என்று மாட்டியிருக்கலாம், அதற்காவது யாராவது ஓடிவருவார்கள். டாக்டர் என் கட்டில் பக்கத்தில் நின்று, நான் ஏதோ பீரோ என்பது போல என் தலைக்கு மேலாகப் பரிமளத்திடம் பேசினார், "எல்லாம் புரியும்மா அவருக்கு, பேசத்தான் வராது." அந்த ஒரு வரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் புரியும். வலது கை போனது, வலது கால் போனது, வாய் போனது, ஆனால் உள்ளே நான் பழைய திருமூர்த்திதான், ஒன்றும் குறையவில்லை, சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொன்னவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

இரும்பு பிளாக்காக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இரும்பு பொறுத்துக்கொள்ளும், கீறினால் கத்தும், சூடானால் நாறும், நமக்கு நேரம் கொடுக்கும். அலுமினியம் அப்படியில்லை. ஃபவுண்டரியில் இந்தப் பிளாக்கை வார்த்தபோது நானும் நிஜாமும் பக்கத்தில் நின்றோம், உருகின இரும்பு சிவந்து எரிந்து கிட்டே வராதே என்று சொல்லும், இதுவோ பால் சட்டியில் ஆடை கட்டின மாதிரி வெள்ளையாக அமைதியாகக் கிடந்தது, விரலை விட்டுப் பார்க்கலாம் போல, அவ்வளவு சூட்டையும் முகத்தில் காட்டாமல். முதல் வார்ப்பு வீணாய்ப் போனது. வெளியே வழவழவென்று இருந்தது, நிஜாம் சிலிண்டரைக் குடைந்தபோது உள்ளே சுவரில் ஊசி குத்தின மாதிரிப் பொத்தல்கள், தண்ணீர் அழுத்தம் கொடுத்ததும் வேர்வை மாதிரிக் கசிந்தது. நிஜாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான்தான் இன்னொன்று வார்க்கலாம் என்றேன். பாதி எடை, அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, முன்பக்கம் லேசாகிவிட்டால் பந்தய வண்டி வளைவில் மூக்கைத் திருப்புகிற விதமே வேறு, மிருதுளா ஓட்டுகிற ஓட்டுக்கு அது போதும், முன்னால் போகிறவனை உள்பக்கமாகவே கடந்துவிடுவாள். இரண்டாவது வார்ப்பு நன்றாக வந்தது. அதற்குப் பிறகுதான் நான் விழுந்தேன். அதனால் அசெம்ப்ளி நிஜாம் கைக்குப் போனது. நிஜாமுக்கு அசெம்ப்ளி வேலை கிடையாது, அவன் போரிங், ஹோனிங், கிரைண்டிங், மிஷினில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் பூட்டுவது நான். பூட்டும்போது நான் போனை எடுக்க மாட்டேன், கதவைச் சாத்திவிடுவேன், பரிமளம் டீ கொண்டுவந்தாலும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். இவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு லாக் போடுகிறான். போடாமல் விடுகிறான்.

ஏன் இந்த அவசரம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம், அதற்குள் முடிக்க வேண்டுமாம். முடிக்காவிட்டால் பழைய இஞ்சினில் ஓட்டட்டுமே. இல்லை, மூர்த்தி இல்லாமலே என்னால் முடியும் என்று காட்ட வேண்டும் இவனுக்கு. சில நாளாகவே பார்க்கிறேன், இவனும் பரிமளமும் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், நான் இருக்கிற திசையைப் பார்ப்பதும் பேசுவதுமாக. சேச்சே, அப்படி நினைக்கக்கூடாது, எனக்காக ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தவன். ஆனால் லாக் போடவில்லையே. நல்லவன் போடாமல் விட்டால் பின் நழுவாமல் இருந்துவிடுமா. முதலில் ஒன்றும் தெரியாது, சத்தம் சுத்தமாக இருக்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். அப்புறம் பின் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், சுவரைத் தொடும், அலுமினியத்தை உழும், வெண்ணெயில் கரண்டி போகிற மாதிரி. பிஸ்டன் கோணிக்கொள்ளும். ராடு முறியும். முறிந்த ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேல் கொட்டும், டயரில் கொட்டும், எல்லாம் அந்த நீளமான நேர்ச்சாலையின் கடைசியில்தான் நடக்கும், ஏனென்றால் அங்கேதான் இஞ்சின் உச்சத்தில் சுற்றும், அங்கேதான் அவள் காலை எடுக்காமல் வைத்திருப்பாள். ஒரு தடவை பார்த்திருக்கிறேன், எங்கள் வண்டி இல்லை, வேறு டீம். தீப்பிடித்த வண்டியிலிருந்து அந்தப் பையன் தானாகவே இறங்கினான், நடந்தான், நாங்கள் எல்லோரும் தப்பித்துவிட்டான் என்று கத்தினோம், அவன் புல்லில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றப் பார்த்தான், அது கழன்றுவரவில்லை, தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அழக்கூட இல்லை. மிருதுளாவின் கையுறை நீலம். போன பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்தது. வேண்டாம், அதை நினைக்காதே, லாக்கை நினை, லாக்கை எப்படிச் சொல்வது என்று நினை.

மிருதுளா ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டோடு உள்ளே வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அப்பா, சாப்டீங்களா? மூஞ்சியெல்லாம் ஏன் வேர்த்திருக்கு?" சொல், இப்போது சொல், இவள் என் ரத்தம், இவளுக்குப் புரியும். மூணு. மூணாவது. லாக். "சரி," என்றேன். "சரி சரி சரி." இடது கை, அது ஒன்றுதான் இப்போது என் கை, அதைத் தூக்கி பிளாக்கைக் காட்டினேன். "ஆமாப்பா, சூப்பரா வந்திருக்கு. நிஜாம் மாமா கலக்கிட்டாரு." இல்லடி. தலையை ஆட்டினேன், தலை எந்தப் பக்கம் ஆடியதோ, அவள் கொஞ்சம் குழம்பி என்னையே பார்த்தாள். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து இடது கையில் கொடுத்து, அட்டைப் பெட்டியின் மூடியை மடியில் வைத்தாள். "எழுதிப் பாருங்கப்பா." எழுதினேன். எழுத்துகள் எனக்குத் தெரியும், கண்ணுக்குள் நிற்கிறது, 'ல'வுக்கு ஒரு சுழி, ஆனால் கை போய்க்கொண்டே இருந்தது, சுழி, சுழி, சுழி, நிறுத்த முடியவில்லை, குழந்தை கிறுக்கின சுருள் கம்பி மாதிரி அட்டை விளிம்புவரை போய் பேனா தொடையில் விழுந்தது. அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, "பரவால்லப்பா. நேத்தைவிட இது நல்லாருக்கு," என்றாள். பொய். நேற்று நான் எழுதவே இல்லை. அவளுக்குப் பின்னால் நிஜாம் பிளாக்கின் தலையில் கேஸ்கெட்டை விரித்தான். துணியால் ஒற்றினான். "மிருது, கை கழுவிட்டு வா, ஹெட்டைத் தூக்கணும். நான் ஒருபக்கம், நீ ஒருபக்கம்."

சிலிண்டர்களை மேலே மூடுகிற அந்த ஹெட்டை வைத்துப் போல்ட்டை முறுக்கிவிட்டால் முடிந்தது. அப்புறம் யாரும் பிரிக்க மாட்டார்கள், ஏன் பிரிப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஹெட்டைத் தூக்கினார்கள், மிருதுளாவின் முன்னங்கையில் நரம்பு புடைத்தது, "மெதுவா, மெதுவா, கைடு பின்மேல உக்காரணும், இடிச்சிரக்கூடாது," என்று நிஜாம் சொல்லிக்கொண்டே நகர்ந்தான். நான் நாற்காலியின் பிரேக்கைத் தேடினேன். இடது சக்கரத்தின் பிரேக் கைக்கு எட்டியது, தள்ளினேன், விட்டது. வலதுசக்கரம் பூட்டியே கிடந்தது, நாற்காலி நேராகப் போகாமல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பிளாக்கைத் தாங்கும் ஸ்டாண்டில் இடித்தது, இடித்த வேகத்தில் நான் முன்னால் சரிந்தேன், சரிந்தவன் கையைப் பிளாக்கின் மேல் ஊன்றினேன், விரல்கள் எண்ணெய்ப் பிசுபிசுப்பில் வழுக்கி மூன்றாவது சிலிண்டருக்குள் இறங்கின. பிஸ்டன் தலை ஜில்லென்று இருந்தது. எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். மேலே ஹெட் தொங்கிக்கொண்டிருந்தது, என் மணிக்கட்டுக்கு நேர்மேலே. "கைய எடுரா! மூர்த்தி, கைய எடு! மிருது, விட்றாத, விட்றாத பிடிச்சுக்க!" நிஜாம் கத்தினான், மிருதுளாவின் முழங்கை நடுங்குவது தெரிந்தது, ஒரு கணம் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன், போட்டால் போகட்டும், இந்தக் கையும் போகட்டும், பின் நழுவாமல் இருந்தால் சரி. எப்படியோ பக்கவாட்டில் நகர்ந்து பெஞ்சில் ஹெட்டை இறக்கினார்கள். நிஜாமுக்கு மூச்சு வாங்கியது. "பைத்தியமாடா உனக்கு? இருக்கறது ஒரு கை!" விரலைச் சிலிண்டருக்குள்ளேயே வைத்திருந்தேன். மிருதுளாதான் கத்தவில்லை. என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "மூணாவதா அப்பா? மூணாவதுல ஏதோ தப்பா?"

தப்பு. அந்தச் சொல்லை அவள் சொன்னாள். எனக்குப் பதிலாக என் மகள் வாயில் அது வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கட்டுப்படுத்த முடியாத அழுகை, இதுவும் அந்த நோயில் ஒரு பங்குதான், ஆனால் இந்த அழுகை என்னுடையது. நிஜாமின் முகம் சுருங்கிவிட்டது. "மூணாவதுல என்ன தப்பு? நான்தானே போட்டேன். ஒவ்வொண்ணா அளந்து போட்டேன். ஏன்டா, எம்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" மிருதுளா சொன்னாள், "மாமா, நம்பிக்கை இல்லாம இல்ல. அப்பா சும்மா கைய விட மாட்டார். ப்ளீஸ் மாமா, ஒருக்கா கழட்டிப் பாத்துரலாம்." நிஜாம் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான், ஸ்டாண்டைச் சுழற்றிப் பிளாக்கைக் கவிழ்த்தான், அடிப்பக்கத்து ராடு மூடியைக் கழற்றினான், போல்ட்டுகளைத் தட்டில் போட்டபோது வழக்கத்தைவிடச் சத்தமாகப் போட்டான். கோபப்படட்டும். நாளைக்கு என் காலைக் கட்டிக்கொண்டு அழுவான், என் மருமகளைக் காப்பாற்றிட்டியேடா என்று அழுவான், நான் சரி என்பேன், அன்றைக்கு அந்தச் சொல் பொருத்தமாக இருக்கும். நான் பழைய திருமூர்த்திதான் என்று அவனுக்குத் தெரியும், பரிமளத்துக்குத் தெரியும், டாக்டருக்கும் போய்ச் சொல்வார்கள். இந்த நாற்காலியிலிருந்தே பூட்டலாம், நிஜாம் கையாக இருக்கட்டும், நான் கண்ணாக இருக்கிறேன். பிஸ்டன் மேல்வழியாக வெளியே வந்தது, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அதைத் தூக்கித் துடைத்து, என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாரு. இந்தப் பக்கம் இருக்குதா? அந்தப் பக்கம் இருக்குதா? ரெண்டும் இருக்குது. என்ன தப்பு, காட்டு." இடது லாக் மினுங்கியது. வலது பள்ளம் வெறுமையாக இருந்தது. நான் அந்த வெறுமையைச் சுட்டிக்காட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இருக்குதேடா." மிருதுளா குனிந்து பார்த்து, "இருக்குப்பா," என்றாள், மெதுவாக. இவளுமா. பொய் சொல்கிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து, கழற்றும்போது ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துப் போட்டுவிட்டானா, இல்லை, போட்டிருந்தால் தெரியுமே, இப்போதும் இல்லையே, என் கண் முன்னால் வெறும் பள்ளம் இருக்கிறதே. "சரி!" என்று கத்தினேன், "சரி! சரி!" மிருதுளா என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு அதைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்தாள். விரலுக்கடியில் கம்பி இருந்தது. வளைந்த, இறுகின, விளிம்பு கொஞ்சம் கூரான கம்பி. விரல் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே கம்பி இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் விரல்கூட அங்கே இல்லை. கைமுட்டி வரைக்கும்தான் என் கை வந்தது, அதற்கப்புறம் அது எங்கோ போய்விட்டது, போன இடத்தில் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிருதுளா என் தாடையைப் பிடித்து வலதுபக்கமாகத் திருப்பினாள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து என் விரல் வந்தது, நகம் வந்தது, நகத்துக்குக் கீழே லாக் வந்தது, அதற்குப் பக்கத்தில் நிஜாமின் கட்டைவிரல், அவன் வாட்ச், அவன் முழங்கை, அவனுக்குப் பின்னால் ஜன்னல். அங்கே ஜன்னல் இருப்பது எனக்குத் தெரியும், நான்தான் வைத்தேன். தலையைப் பழையபடி திருப்பினேன். எல்லாம் போய்விட்டது. போன மாதிரியும் தெரியவில்லை, அதுதான், எங்கேயும் கிழிசல் இல்லை, கறுப்பு இல்லை, மறைப்பு இல்லை, உலகம் முழுசாகவே இருந்தது.

"அப்பா, என் விரலைப் பாருங்க. இது தெரியுதா? இப்ப? இப்ப?" அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, விரல் நடுவழியில் அணைந்துபோனது. நிஜாமிடம் சொன்னாள், "டாக்டர் அன்னிக்குக் கண்ணப் பத்தியும் என்னமோ சொன்னாரு மாமா. அம்மா பேச்சு எப்ப வரும், பேச்சு எப்ப வரும்னே கேட்டுட்டு இருந்தாங்க, நானும் சரியா கேக்கல." நிஜாமின் கோபம் முழுக்க வடிந்துவிட்டது. என் தோளைத் தட்டினான். "விட்ரா. நல்லதாப் போச்சு, ரிங்கை இன்னொருக்கா பாத்துக்கிட்டேன்." இதைவிட அவன் கத்தியிருக்கலாம், பைத்தியமாடா என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். குழந்தை கண்ணாடியை உடைத்தால் பெரியவர்கள் பேசுகிற குரல் அது. அவன் புதிதாக எண்ணெய் தடவிப் பிஸ்டனை மறுபடி இறக்கினான், ராடு மூடியைப் பூட்டினான், இரண்டு பேரும் ஹெட்டைத் தூக்கி வைத்தார்கள், டார்க் ரெஞ்ச் கிளிக் கிளிக் என்று நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போனது, சரியான வரிசைதான், எனக்குத் தெரிந்தவரை சரியான வரிசைதான். எனக்குத் தெரிந்தவரை. இனி எதைச் சொன்னாலும் இந்த வால் சேர்ந்துகொள்ளும். கண் தன்னிடம் பாதி இல்லை என்பதை இத்தனை சுத்தமாக மறைத்துவிட்டதென்றால் மூளை எதை எதை மறைத்து வைத்திருக்கிறது. முழுசாக நினைக்கிறேன் என்று நினைக்கிறேன். வாசலில் நிஜாமும் பரிமளமும் தாழ்ந்த குரலில் பேசியது உண்மைதானா, தாழ்ந்த குரல்தானா, பாதி காதில் விழவில்லையா. ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் பாய்கூட இல்லாமல் படுத்தது, அது ஞாபகமா, யாராவது சொன்னதா. பள்ளத்தை வெறுமையாகப் பார்த்தேனே, கறுப்பாக, ஒரு கோடு போல, பார்க்காததைக்கூட இப்படிப் பார்க்க முடியுமென்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொண்டிருந்த டாக்டரின் வரி, எல்லாம் புரியும் என்பது, அது பரிமளத்தைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக இருக்கலாம். இருக்கலாம். ஹெட் மூடியாகிவிட்டது. உள்ளே எல்லாம் இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவாள், நான் கேலரியில் உட்கார்ந்திருப்பேன், நேர்ச்சாலையின் முதல் பாதியில் வண்டி வரும், மறுபாதியில் இருக்காது.

பரிமளம் வந்த சத்தம் கேட்டது, டிபன் கேரியர் பெஞ்சில் வைக்கப்படுகிற சத்தம். மிருதுளா அவளை வாசல் பக்கம் கூட்டிப்போனாள். பேச்சு காதில் விழுந்தது, இந்த முறை உண்மையாகவே தாழ்ந்த குரல்தான், "கண்ணுலயா?" என்று பரிமளம் கேட்டாள். பிறகு அவள் செருப்புச் சத்தம் நாற்காலியின் வலதுபக்கம் வந்து நின்றது. அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள். விழுந்துபோன பக்கம்தானே தாங்கிப் பிடிக்க வேண்டும், ஆட்டோவில் அந்தப் பக்கம் உட்காருவாள், ஊட்டும்போது அந்தப் பக்கம், படுக்கையில் புரட்டும்போது அந்தப் பக்கம். எனக்கு அவள் ஒரு குரலாகவும் கையாகவுமே இருந்தாள், கொஞ்சம் எரிச்சலான குரல், கொஞ்சம் முரட்டுக் கை, சோறு ஊட்டும்போது வாயைத் திறங்க திறங்க என்று அவசரப்படுத்துகிற கை. "என்னங்க, பசிக்குதா? போலாங்களா?" குரல் வழக்கம்போல ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தது. நான் தலையைத் திருப்பினேன். யாரும் தாடையைப் பிடிக்கவில்லை, நானாகவே, கழுத்து நரம்பு இழுக்க இழுக்க, இனி திரும்பாது என்கிற இடத்தையும் தாண்டித் திருப்பினேன். முதலில் புடவையின் கொசுவம் வந்தது, இடுப்பில் செருகின சாவிக்கொத்து, அப்புறம் கை. முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்தது, புதுசு நீலமாக, பழசு மஞ்சளாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நாலு விரலும் ஒரு கட்டைவிரலும். புரட்டும்போது பயத்தில் நான் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன், கட்டில் கம்பி என்றுதான் நினைத்திருந்தேன். மேலே பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, வகிட்டின் இரண்டு பக்கமும் அப்படியே நரைத்து, யாரோ வயதான பொம்பளை. விழுந்த அன்றைக்கு இவளுக்கு முடி கறுப்பாகத்தான் இருந்தது. "என்னங்க அப்படிப் பாக்கறீங்க," என்று கேட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கழுத்து வலித்தது. திருப்பினால் போய்விடுவாள். திருப்பாமல் இருந்தேன்.